காகிதத்தில் வந்த கிரேக்கம்: ஹோம்வுட் வில்லாவும் அதன் கட்டடக்கலையும்

கிளாஸ்கோ நகரின் தெற்கே கேத்கார்ட் பகுதியில், ஒயிட் கார்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டில் ஹோம்வுட் என்ற வீடு நிற்கிறது. 1857-58இல் கட்டப்பட்டது. கட்டச் சொன்னவர் ஜேம்ஸ் கூப்பர். தம் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து மேட்டின் கீழே ஆற்றோரத்தில் மில்ஹோம் காகித ஆலையை நடத்திவந்தவர். வடிவமைத்தவர் அலெக்சாண்டர் தாம்சன் (1817-1875). கிரேக்கக் கட்டடக்கலைமீது கொண்ட பற்றால் ஊரார் அவரை ‘கிரீக்’ தாம்சன் என்றே அழைத்தார்கள்; ஆனால் அவர் கிரேக்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, பிரிட்டனைத் தாண்டியே போனதில்லை. ஹோம்வுட்டைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். ஒரு சாரார் அதைப் பழங்காலத்தின்மேல் காதல் கொண்ட ஒரு மேதையின் கனவு என்கிறார்கள். மறுசாரார் அதை இருபதாம் நூற்றாண்டு நவீனத்தின் முன்னோடி என்கிறார்கள். முதல் வழி வீட்டைப் பின்னோக்கியும் இரண்டாவது முன்னோக்கியும் தள்ளிவிடுகிறது; 1857இல் ஒரு காகித ஆலை முதலாளிக்கு எப்படிப்பட்ட வீடு தேவைப்பட்டது என்ற கேள்வியை இரு வழிகளும் தொடுவதில்லை. தாம்சனுக்குக் கிரேக்கம் அச்சுத் தாளில், துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. அப்படி வந்ததால்தான் அவரால் அதைக் கோயிலாக எழுப்பாமல் குடியிருக்கும் வீடாகப் பிரித்துப் பயன்படுத்த முடிந்தது. ஹோம்வுட்டின் புதுமை அங்கிருந்து தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாம்சன் தலைமுறைக்குக் கிரேக்கக் கட்டடம் என்றால் முதலில் ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் ஏதென்சின் பழம்பொருள்களைப் பற்றி வெளியிட்ட பெருநூல்தான். அதன் முதல் தொகுதி 1762இல் வந்தது. இருவரும் ஏதென்ஸ் சென்று இடிபாடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து, செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். அந்தப் படத் தாள்கள் கட்டடங்களைக் காட்டும் முறை கவனிக்கத்தக்கது. முழுத் தோற்றத்துக்கு ஒரு தாள் என்றால், தூணின் தலைக்கு ஒன்று, உத்தரத்துக்கு ஒன்று, இலைத்தோரணத்துக்கு இன்னொன்று என்று உறுப்புகள் தனித்தனியாக, அளவுகளோடு கிடக்கும். வெயிலோ மலைச்சரிவோ பக்கத்துக் கட்டடமோ அங்கே கிடையாது. அக்ரோபோலிசின் தெற்குச் சரிவில் இருந்த திராசில்லஸ் நினைவுச்சின்னத்தை எடுத்துக்கொள்ளலாம். சதுரத் தூண்கள்மேல் நேரான உத்தரம் கிடக்கும் எளிய முகப்பு அது. கிரேக்க விடுதலைப் போரின்போது 1820களில் அது நொறுங்கிப்போனது. அப்போது தாம்சன் சிறுவன். பிறகு ஏதென்சுக்கே போயிருந்தாலும் அவருக்குப் பார்க்கக் கிடைத்திருக்காது. ஆனால் அந்தச் சதுரத் தூண்தான் அவருடைய கிளாஸ்கோ வேலைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் தாமே குடியிருந்த மோரே பிளேஸ் வீட்டு வரிசையின் மேல்மாடி முழுக்க அதன் அணிவகுப்புதான். உலகத்திலிருந்தே மறைந்துவிட்ட ஒரு கட்டடம் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருந்து ஒரு தொழில்நகரத்தின் தெருவில் மறுபடி எழுந்தது. அப்படி எழுவதற்கு அது முழுக் கட்டடமாக வரவேண்டியிருக்கவில்லை, ஓர் உறுப்பாக வந்தால் போதுமாயிருந்தது.

ஹோம்வுட்டின் உணவறையில் இந்த வழி இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சுவரின் மேல்பகுதியைச் சுற்றி ஓவியப்பட்டை ஒன்று ஓடுகிறது. ஹோமரின் இலியட் காட்சிகள். அவை ஜான் பிளாக்ஸ்மன் 1793இல் ரோமில் வரைந்து வெளியிட்ட கோட்டுச் சித்திரங்களைப் பெரிதாக்கி எழுதியவை. பிளாக்ஸ்மனோ கிரேக்கக் கலயங்களின் ஓவியப் பாணியைப் பின்பற்றியே நிழலும் திரட்சியும் இல்லாத வெறுங்கோட்டில் வரைந்தார். ஆக, கலயத்திலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து சுவருக்கும் ஏறிய கிரேக்கம் அது. அதன்கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர் காகிதம் செய்து பிழைத்தவர். செய்தித்தாள்கள்மீதான முத்திரை வரி 1855இல் நீங்கியது, காகிதத்தின் மீதான தீர்வை 1861இல் ஒழிந்தது. பிரிட்டனில் அச்சுக்கும் படிப்புக்கும் சந்தை பெருகிய ஆண்டுகள் அவை. அந்தப் பெருக்கத்தில் வந்த பணமும் அதே பெருக்கத்தில் வந்த படங்களும் ஒரே அறையில் சந்தித்தது வெறும் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தச் சந்திப்பு நடக்க இரண்டுமே தேவைப்பட்டன.

இனி முகப்பு. முன்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது சமநிலையும் சமச்சீரின்மையும் ஒன்றாக இருப்பதுதான். ஒரு பக்கம் இரண்டு மாடிப் பகுதி. கீழே பார்லர், மேலே டிராயிங் ரூம். பார்லரிலிருந்து வட்டமாக ஒரு சாளர முகப்பு வெளியே புடைக்கிறது. சின்னஞ்சிறு வட்டக் கோயில்போலத் தூண்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. மறுபக்கம் உணவறை. அது ஒரே தளம்தான், மேலே வேறு அறை இல்லாததால் உட்கூரையை உயர்த்திக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே வாசல், அதன் பின்னால் மாடிப்படிக்கு ஒளி இறக்கும் கண்ணாடி மாடம் கூரைக்குமேல் தலைநீட்டுகிறது. தாழ்ந்த சரிவுக் கூரைகளும் அகலமாக நீண்ட இறவானங்களும் எல்லாவற்றையும் கிடைக்கோட்டில் இழுத்துப் பிடிக்கின்றன. கிரேக்கப் பாணி வீடு என்றால் நடுவில் முக்கோண முகடும் இரு பக்கமும் ஒன்றுபோல் இரண்டு சிறகும் என்பதே அதுவரை எதிர்பார்ப்பு. தாம்சன் அதைச் செய்யவில்லை. ஒவ்வோர் அறையும் தன் வேலைக்கு ஏற்ற உருவத்தை வெளியே காட்டுகிறது. பகலில் வெளிச்சத்தையும் தோட்டக் காட்சியையும் வேண்டும் பார்லர் வட்டமாகத் திறக்கிறது. இரவில் விளக்கொளியில் விருந்து நடக்கும் உணவறை உள்நோக்கித் திரும்புகிறது. உறுப்புகள் எல்லாம் கிரேக்கம். ஆனால் அவற்றை எங்கே வைப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை வீட்டுக்காரரின் அன்றாடம் தீர்மானித்திருக்கிறது.

அந்த வட்டச் சாளரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், வீட்டின் மூளை அங்கேதான் இருக்கிறது. வழக்கமான கட்டுமானத்தில் கல்தூண்களுக்கு இடையே மரச்சட்டத்தைப் பொருத்தி அதற்குள் கண்ணாடியைப் பதிப்பார்கள். தூணும் சாளரமும் ஒரே சுவரின் பகுதிகளாகிவிடும். ஹோம்வுட்டில் தூண்கள் தனியே நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால், அவற்றைத் தொடாமல், கண்ணாடிச் சட்டம் தன் வட்டத்தில் தொடர்ச்சியாக ஓடுகிறது. பாரத்தைக் கல் சுமக்கிறது, காற்றையும் மழையையும் கண்ணாடி தடுக்கிறது. இரண்டு வேலைக்கு இரண்டு தனி அடுக்குகள். ஏதென்சில் தூண்களுக்கு நடுவே வெறும் வெளிதான் இருந்தது. அந்த வெளியைக் குளிரும் மழையும் மிகுந்த ஸ்காட்லாந்தில் காப்பாற்ற வேண்டுமானால் கண்ணாடியைப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். கண்ணாடிமீதான தீர்வை 1845இலும் சாளர வரி 1851இலும் நீக்கப்பட்டிராவிட்டால் இப்படிப்பட்ட ஏற்பாடு வீண் ஆடம்பரமாகியிருக்கும். வரிச் சட்டம் மாறி ஆறே ஆண்டுகளில் ஒரு கட்டடக் கலைஞர் அதைத் தூணின் விடுதலையாக மாற்றிக்கொண்டார். வட்டம்கூடத் தரைத்திட்டத்தில்தான் வருகிறது. தூண்களுக்கு மேலே கண்ணுக்குத் தெரிவது கிடையாகச் சுற்றிவரும் உத்தரம். வளைவைக் கட்டுமானத்தில் சேர்க்க அவர் உடன்படவே மாட்டார்.

வில்லா என்ற வீட்டுவகை அவரிடம் என்ன கேட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லௌடன் 1833இல் குடிசை, பண்ணை, வில்லாக் கட்டடங்களுக்கென்று ஒரு கலைக்களஞ்சியமே வெளியிட்டார். புறநகரில் குடியேறும் நடுத்தரச் செல்வர்களுக்கு அது கைநூல். அபர்டீனைச் சேர்ந்த ராபர்ட் கெர் 1864இல் கனவான் வீட்டைப் பற்றி எழுதிய நூலில், குடும்பமும் வேலையாட்களும் ஒரே கூரையின்கீழ் இரண்டு சமூகங்கள், ஒருவர் நடமாட்டம் மற்றவர் கண்ணிலும் காதிலும் படக்கூடாது என்று விதியே வகுத்தார். ஹோம்வுட் அந்நூலுக்கு முந்தியதுதான். ஆனால் அந்த விதி நூலில் ஏறுமுன்பே வீடுகளில் இருந்தது. சமச்சீர் கேட்கும் கட்டடத்தில் சமையலறையையும் கொட்டிலையும் பின்னால் ஒளிக்க வேண்டும், அல்லது பொய்ச் சிறகு ஒன்று கட்டி மறைக்க வேண்டும். தாம்சன் அவற்றைப் பக்கவாட்டில் இழுத்தார். வீட்டிலிருந்து ஒரு சுவர் நீண்டு வண்டிக் கொட்டிலோடு போய்ச் சேர்கிறது. அதனால் அளவில் நடுத்தரமான வீடு நிலத்தோடு நீண்டு கிடக்கும் பெரிய மாளிகைபோலத் தோன்றுகிறது. வேலையாட்களின் பகுதி மறையவில்லை, அதுவே அழகின் ஒரு பங்காகிவிட்டது. இதைக் கண்டு தாம்சனுக்கு ஏதோ சமத்துவ நோக்கம் இருந்தது என்று சொல்லிவிடக்கூடாது. கூப்பரின் பணம் கூடுதல் பெருமிதமாகத் தெரியவேண்டும் என்பதும் அந்த நீட்சியின் நோக்கம்தான். ஆனால் பெருமிதத்தைக் கோபுரம் வைத்துக் காட்டாமல் பயன்பாட்டு அறைகளின் வரிசையால் காட்டியது அன்றைக்கு யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதல்ல.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதே படநூல்களைப் படித்த பலர் முழுக் கோயில்களையே கட்டினார்களே? எடின்பரோ நகரமே அதற்குச் சாட்சி. கால்டன் குன்றில் பார்த்தினானையே நகலெடுக்கத் தொடங்கி 1829இல் பணமின்றி நின்றுபோன தேசிய நினைவுச்சின்னம் இன்றும் பன்னிரண்டு தூண்களோடு நிற்கிறது. காகிதம் உறுப்புகளைப் பிரித்துத் தந்தது என்றால் அவர்களுக்கும் அப்படித்தானே தந்திருக்க வேண்டும்? இந்த மறுப்பு சரியானது. காகிதம் மட்டும் போதாது. படநூல் ஒரு வாய்ப்பைத் தந்தது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கொள்கையும் தேவைப்பட்டது. தாம்சனிடம் அந்தக் கொள்கை ஏறக்குறையச் சமய நம்பிக்கையின் உறுதியோடு இருந்தது, அவர் ஐக்கிய பிரெஸ்பிட்டேரியன் சபையின் மூப்பரும்கூட. தூணும் உத்தரமும் நிலையானவை, வளைவு எப்போதும் தன்னையே தள்ளிக் கொண்டிருக்கும் கட்டுமானம் என்பது அவர் எண்ணம். 1866இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் போட்ட கோதிக் வரைவை எதிர்த்து அவர் கடுமையாக வாதாடினார். ஸ்டோன்ஹெஞ்சின் கற்கள் யார்க் பேராலயத்தைவிட அறிவியல் முறைப்படி அடுக்கப்பட்டவை என்ற அளவுக்குப் போனார். இந்த மிகையை நாம் ஏற்கவேண்டியதில்லை. அது காட்டும் மனப்போக்குதான் முக்கியம்: அவருக்குக் கிரேக்கம் ஒரு நாட்டின் பாணியல்ல, எகிப்திலும் ஏதென்சிலும் ஒருபோல் விளங்கிய ஒரு கட்டுமான நியதி. நியதி என்றால் அதைக் கோயில் வடிவத்தோடு கட்டிப்போட வேண்டிய அவசியம் இல்லை. எடின்பரோக்காரர்கள் ஏதென்சை எழுப்ப நினைத்தார்கள், தாம்சன் அதன் நியதியால் கேத்கார்ட்டில் வீடு கட்டினார்.

இரண்டாவது மறுப்பு பெர்லினிலிருந்து வருகிறது. கார்ல் பிரீட்ரிக் ஷிங்கெல் 1820களின் இறுதியிலேயே போட்ஸ்டாமில் தோட்டக்காரர் இல்லத்தையும் அதைச் சுற்றிய கட்டடங்களையும் சமச்சீர் இல்லாமல், கொடிப்பந்தலும் தாழ்ந்த கூரையுமாக அமைத்திருந்தார். அவருடைய வரைவுகளும் தொகுதி தொகுதியாக அச்சில் வந்தவை. தாம்சனின் சதுரத் தூண் வரிசைகளில் ஷிங்கெலின் சாயலைப் பலர் கண்டிருக்கிறார்கள், அது நியாயமான கணிப்பே. ஆனால் இது வாதத்தைத் தகர்க்கவில்லை. அதற்குத் துணையே நிற்கிறது. ஷிங்கெலும் கிளாஸ்கோவுக்குத் தாளில்தான் வந்திருக்க முடியும். மேலும் போட்ஸ்டாம் கட்டடங்கள் அரச பூங்காவின் அலங்காரங்கள். அங்கே ஒழுங்கின்மைக்கு மாதிரி இத்தாலியக் கிராமம், கிரேக்கமல்ல. கிரேக்க உறுப்புகளையே ஒழுங்கற்ற அமைப்புக்குள் கொண்டுவந்து, அதை ஆண்டு முழுதும் குடியிருக்கும் வீடாக்கியது ஹோம்வுட்டில்தான் இவ்வளவு முழுமையாக நடந்தது.

எனக்கு மிகவும் சங்கடம் தருவது மூன்றாவது மறுப்பு, ஏனென்றால் அது தாம்சனே கட்டியது. ஹோம்வுட்டுக்குச் சற்றுமுன், 1856-57இல், லாங்சைடில் அவர் ஓர் இரட்டை வில்லாவை எழுப்பினார். இரண்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. தரைத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ஒன்று ஒரு பக்கத்தையும் மற்றது எதிர்ப்பக்கத்தையும் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு வீட்டின் முன்புறமும் அடுத்த வீட்டின் பின்புறமும் சேர்ந்து ஒரே சமச்சீரற்ற வில்லாவாகத் தெரியும். அறையின் பயன்பாடுதான் முகப்பைத் தீர்மானித்தது என்றால் இதை எப்படி விளக்குவது? இங்கே சமச்சீரின்மை வசிப்பவரின் தேவையிலிருந்து பிறக்கவில்லை. அது கண்ணுக்கான ஒரு விளையாட்டு. ஆகவே பயன்பாடுதான் எல்லாவற்றையும் ஆண்டது என்று சொல்ல முடியாது. லாங்சைடில் தாம்சன் உறுப்புகளைத் தன்னிச்சையாக இடம்மாற்றும் பழக்கத்தை முதலில் அடைந்தார், ஹோம்வுட்டில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று வரிசைப்படுத்துவதே பொருத்தம். பயன்பாடு அந்தச் சுதந்திரத்தைப் பிறப்பிக்கவில்லை, அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இரட்டை வில்லா புத்திசாலித்தனமாகவும் ஹோம்வுட் அமைதியாகவும் தோன்றுவதற்கு இந்த வேறுபாடே காரணம் என்று கருதுகிறேன்.

நவீனத்தின் முன்னோடி என்ற பட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தாழ்ந்த கூரையும் நீண்ட இறவானமும் கிடைக்கோடும் பிராங்க் லாயிட் ரைட்டை நினைவூட்டுகின்றன, உண்மைதான். ஆனால் முகப்பில் சிக்கனமாகத் தெரியும் கை, உள்ளே நுழைந்ததும் சுவர், உட்கூரை, கதவு என்று ஓரிடம் விடாமல் நட்சத்திரங்களையும் இலைத்தோரணங்களையும் ஒடிகோட்டுச் சித்திரங்களையும் அழுத்தமான வண்ணத்தில் நிரப்பியிருக்கிறது. அலங்காரத்தைக் குற்றமாகக் கண்ட தலைமுறைக்கு இந்த வீடு மூதாதை ஆகாது.

இந்த உள்வண்ணங்களை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் இயல்பானது. கூப்பர் குடும்பத்துக்குப்பின் வீடு கைமாறி, 1958இல் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றின் மடமாகவும் பள்ளியாகவும் ஆனது. சுவர்கள்மேல் பூச்சுக்குமேல் பூச்சு ஏறியது. தோட்டத்தில் வீட்டுமனைகள் எழும் ஆபத்தும் வந்தது. 1991இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கேவின் ஸ்டாம்ப் தொடங்கிய அலெக்சாண்டர் தாம்சன் சங்கத்தின் குரலும் சேர்ந்தொலித்த காலத்தில், 1994இல், ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மேற்பூச்சுகளைச் சுரண்டி அடியிலிருந்த தாம்சனின் வேலைப்பாட்டை ஆங்காங்கே வெளிக்கொணர்ந்தார்கள். எல்லா அறையையும் புத்தம்புதிதாகத் தீட்டிவிட்டிருந்தால் பார்வையாளருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், ஆய்வாளருக்கு ஒன்றும் மிஞ்சியிராது. அதைவிடப் பெரிய இழப்பு கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆலை போய்விட்டது. வீடு மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்பதால், அது எதிலிருந்து எழுந்தது என்பது பார்வைக்குத் தட்டுப்படாமல், ஏதோ தனித்துப் பிறந்த கலைப்பொருள்போலக் காட்சி தருகிறது. முதலாளி தன் ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆனால் அதைவிட உயரத்தில் குடியிருந்தார் என்பதும் இந்த வீட்டின் வடிவத்தில் ஒரு பகுதி.

1868இல் கிளாஸ்கோவின் பிளாக்கி பதிப்பகம் அண்மையில் கட்டப்பட்ட வில்லாக்களையும் குடிசைகளையும் பற்றி ஒரு பெரிய படநூலை வெளியிட்டது. அதில் ஹோம்வுட்டின் தரைத்திட்டமும் முகப்பும் உள்ளலங்காரங்களும் இடம்பெற்றன. தாம்சன் கிரேக்கத்தைப் பெற்ற அதே வழியில் இப்போது தாம்சன் மற்றவர்களுக்குக் கிடைத்தார். பலன் உடனே தெரிந்தது. கிளாஸ்கோவின் புறநகர் வில்லாக்களிலும் அடுக்குக் குடியிருப்புகளிலும் அவருடைய இலைத்தோரணமும் ஒடிகோடும் வாசல் தூணும் தொடர்ந்து தலைகாட்டின. ஆனால் பெரும்பணக்காரர்களின் மோகம் பால்மோரல் அரண்மனை காட்டிய வழியில் கோட்டைப்பாணிக்குப் போயிருந்தது. மூலைக்கொரு தொங்கு கோபுரத்தை எந்த வீட்டோடும் ஒட்டவைத்துக்கொள்ளலாம், வீட்டின் தரைத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. தாம்சனிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களும் ஒட்டவைக்கக் கூடியதைத்தான் எடுத்தார்கள். அவரைப் பின்பற்றிய வீடுகள் பெரும்பாலானவற்றில் கதவுக்கு மேலே கிரேக்க இலை செதுக்கியிருக்கும். பக்கத்திலேயே வழக்கமான முப்பட்டைச் சாளரத்தில் கண்ணாடி மறுபடியும் கல்லுக்கு இடையில் போய் உட்கார்ந்திருக்கும்.